அத்தைக்குச் செய்த டிவி கேம்

என் மாமியார் டிவி கேம் விளையாடுவார் என்று சொன்னால் எங்கள் உறவில் இன்றைக்கும் யாரும் நம்புவதில்லை. "அவங்களுக்கு டிவிய ஆன் பண்ணவே தெரியாதே" என்பார்கள். நானும் விவாதம் செய்வதில்லை. டாங்கிகள் சுட்டுக்கொள்ளும் ஆட்டத்தில் எதிரி வருவதற்கு முன்பே மூலையில் போய் ஒளிந்துகொண்டு, வந்தவனை முதுகில் சுடுகிற ஆளை அவர்கள் பார்த்ததில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள் நான் ஒருத்திதான்.

எங்கள் வீடு திருவண்ணாமலையில் தேர் போகிற வீதியில் இருந்தது. கீழே பாத்திரக் கடை, மேலே நாங்கள். வீட்டில் நான்கு பேர் என்று பெயர். மாமா, அதாவது என் மாமனார், வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். பேச வேண்டியதையெல்லாம் ஆபீசிலேயே பேசித் தீர்த்துவிட்டாரோ என்னவோ, வீட்டில் அவர் வாய் திறப்பது சாப்பாட்டுக்கு மட்டும்தான். என் கணவர் மருந்துக் கம்பெனி ரெப். திங்கட்கிழமை பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினால் சனிக்கிழமைதான் முகத்தைப் பார்க்கலாம். மிச்சம் இருந்தது அத்தையும் நானும்.

நான் பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் படித்தவள். கல்யாணத்துக்கு முன்பு ஆரணியில் ஒரு டிவி சர்வீஸ் கடையில் வேலை பார்த்தேன். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வரும். ஆனால் கத்த மாட்டேன், பேச்சை நிறுத்திவிடுவேன். நாள் கணக்கில் நிறுத்துவேன். "இவ கத்தித் தொலைச்சாகூட தேவல" என்று என் அம்மா தலையில் அடித்துக்கொள்வாள்.

கல்யாணமான இரண்டாவது வருஷம், ஐந்தாம் மாதத்தில், என் குழந்தை வயிற்றிலேயே போய்விட்டது. டாக்டர் படுத்திருக்கச் சொன்னார். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் பேசி வைத்துக்கொண்டு வந்தது மாதிரி, "விடு, அடுத்தது தங்கும்" என்றார்கள். ஹார்லிக்ஸ் பாட்டில் வாங்கும் கடையில் இந்த வாக்கியத்தையும் சேர்த்துக் கட்டிக் கொடுக்கிறார்களோ என்று எனக்குத் தோன்றும். போனது ஒன்று, வரப்போவது வேறொன்று என்று ஒருவருக்கும் உறைக்கவில்லை. நான் பேச்சை நிறுத்தினேன். வந்தவர்களோடு மட்டும் இல்லை, அம்மாவோடு, கணவரோடு, எல்லோரோடும். என் கணவர் பாவம், சனிக்கிழமை வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டே இருப்பார்.

ஒரு நாள் என் தம்பி பார்க்க வந்தான். நாங்கள் பள்ளிக்கூடத்தில் படித்தபோது அப்பாவைப் பிய்த்துப் பிடுங்கி வாங்கிய பழைய டிவி கேமை ஒரு மஞ்சள் பையில் போட்டுக் கொண்டுவந்திருந்தான். வாய் திறந்து ஒரு ஆறுதல் சொல்லவில்லை. டிவிக்குப் பின்னால் போய் ஒயரைச் செருகினான், விளையாடுகிற ரிமோட் இரண்டில் ஒன்றை என் கையில் வைத்தான், காபி குடித்தான், பஸ்ஸுக்குப் போய்விட்டான். அந்த மாதத்தில் என்னிடம் ஒழுங்காக நடந்துகொண்ட ஆள் அவன்தான்.

நான் படுத்தபடி விளையாடினேன். தனியாக, சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு, ஒரே ஆட்டத்தைத் திரும்பத் திரும்ப. இப்படிச் சில நாட்கள் போன பிறகு அத்தை அடுப்படி வேலையை முடித்து, கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"இன்னொரு ரிமோட்டு சும்மாதான கெடக்குது? அத இப்படி குடு."

கொடுத்தேன். தலைகீழாகப் பிடித்தார். திருப்பிக் கொடுத்தேன். டாங்கி வலது பக்கம் போக வேண்டுமென்றால் அத்தையும் வலது பக்கம் சாய்ந்தார். மேலே போக வேண்டுமென்றால் உட்கார்ந்த இடத்திலேயே எழும்பினார். திரையின் கீழே இருக்கிற சின்னக் கோட்டையை நாங்கள் இருவரும் சேர்ந்து காப்பாற்ற வேண்டும் என்பதுதான் ஆட்டம். அத்தை முதல் காரியமாக அந்தக் கோட்டையைப் பார்த்து நின்று, பட்டனை அழுத்தி, அதைத் தூள்தூளாக்கினார்.

"எவன்டி அவன், வந்த வேகத்துல சுட்டுட்டான்?"

"நீங்கதான் அத்தை. நம்ம கோட்டைய நீங்களே சுட்டுட்டீங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தேன். அத்தை திரையைப் பார்த்தார், ரிமோட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "அப்ப மறுபடி போடு" என்றார்.

அதன் பிறகு அது எங்கள் வழக்கமாகிவிட்டது. மத்தியானம் பாத்திரம் கழுவிக் கவிழ்த்த பிறகு டிவி முன்னால் பாய் விரிப்போம். இரண்டு பேர் சேர்ந்து ஆடும்போது பேசாமல் முடியாது. "மேல பாருங்க, வரான்", "நீ கீழ நில்லு, நான் போறேன்" என்று கத்துவோம். இடையில் வேறு பேச்சும் கலந்துவிடும். எதிர்வீட்டுக்காரியின் கொழுப்பு, ஆரணிக் கடை முதலாளியின் அல்பத்தனம், என் கணவர் தலைவலி மாத்திரை விற்கிற ஆள் என்றாலும் வீட்டில் தலைவலி என்றால் சுக்கு அரைக்கச் சொல்வது, எல்லாம் திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் பேசியவைதான். நான் எழுந்து நடமாட ஆரம்பித்த பிறகும் அத்தை விடவில்லை. பாத்திரம் கழுவும்போதே, "சீக்கிரம் வாடி, டாங்கி காத்துக்கினு கீது" என்று கூப்பிடுவார். இந்த வயதில் இப்படி ஒரு பைத்தியமா என்று எனக்கு வேடிக்கையாக இருக்கும்.

இப்படி இரண்டு வருஷம் ஓடியது. அப்போதுதான் சென்னையிலிருந்து அந்தப் போன் வந்தது. என் கணவரின் அண்ணன் சென்னையில் இருந்தார். அவருக்குக் குழந்தை பிறந்திருந்தது. அவர் மனைவி மறுபடி வேலைக்குப் போக வேண்டும், குழந்தையைப் பார்த்துக்கொள்ள அம்மாவை அனுப்புங்கள் என்று கேட்டார். கேட்டது மாமாவிடம். மாமா, "கார்த்திகைத் தேர் முடிஞ்சதும் கூட்டிகினு போ" என்று சொல்லிப் போனை வைத்தார். போகப்போகிற ஆள் இரண்டடி தள்ளி உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அவரை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "உங்களுக்கு இஷ்டம் இல்லன்னா சொல்லுங்க அத்தை, நான் பேசறேன்" என்றேன்.

"நீ பேசிக் கிழிச்ச. பேரன்டி. போவாம எப்படி?" என்றார். ஆனால் கீரையில் நல்ல இலையும் பழுத்த இலையும் ஒரே தட்டில் விழுந்தன.

அந்தச் சென்னை வீட்டை எனக்குத் தெரியும். எல்லாம் பளபளவென்று இருக்கும். டிவி அவர்களுடைய படுக்கை அறையில் இருந்தது. பகலெல்லாம் கணவனும் மனைவியும் ஆபீசில். குழந்தை தூங்கும். அத்தை அவர்கள் அறைக்குள் போய் டிவியைத் தொடுகிற ஆள் இல்லை. கேட்டு வாங்குகிற ஆளும் இல்லை. மூன்றாவது மாடியில் பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர் நிற்பது என் கண் முன்னால் வந்துகொண்டே இருந்தது. போவதை என்னால் தடுக்க முடியாது. டிவியே வேண்டாத ஒரு டிவி கேமைச் செய்து கையில் கொடுத்து அனுப்பினால் அந்த நாட்களை எப்படியாவது தள்ளிவிடுவார் என்று நினைத்தேன். எனக்குத் தெரிந்த வித்தை அது ஒன்றுதான்.

முதலில் செய்ததைச் சொன்னால் சிரிப்பீர்கள். அந்தக் காலத்தில் கைப்பிடி வைத்த குட்டிக் கறுப்பு வெள்ளை டிவி ஒன்று வரும்; கார் பேட்டரியிலும் ஓடும். அப்படி ஒன்று ஆரணிக் கடையில் சும்மா கிடந்தது, கேட்டதும் கொடுத்துவிட்டார்கள். என் கணவருக்கு மாப்பிள்ளை அழைப்பின்போது எடுத்த சூட்கேஸ் பரணில் இருந்தது. டிவியின் கூட்டைக் கழற்றி, உள்ளே இருந்ததைச் சூட்கேஸின் ஒரு பக்கம் உட்கார வைத்தேன். பக்கத்தில் டிவி கேம். கரண்டுக்கு என் கணவரின் ஸ்கூட்டர் பேட்டரி. திங்கட்கிழமை காலையில் அவர் ஸ்கூட்டரை உதைத்து உதைத்துப் பார்த்து, மெக்கானிக்கைக் கூட்டி வந்தார். பேட்டரி இருக்க வேண்டிய இடம் காலியாக இருப்பதை மெக்கானிக் காட்டியபோது அவர் மாடியைத்தான் அண்ணாந்து பார்த்தார். திட்டவில்லை. எனக்குப் புதிதாக ஒரு பேட்டரி வாங்கிக் கொடுத்தார்.

சூட்கேஸைத் திறந்தால் படம் வந்தது, சத்தம் வந்தது. தூக்கத்தான் முடியவில்லை. மாமா பேப்பரை இறக்கிப் பார்த்துவிட்டு, "பஸ்ல இதுக்குத் தனி டிக்கெட் போடுவான்" என்றார். அந்த வாரம் அவர் பேசியது அவ்வளவுதான்.

கனம்கூடப் பரவாயில்லை. வேறொரு கோளாறு இருந்தது. எங்கள் டிவியில் அத்தையின் டாங்கி மஞ்சள், என்னுடையது பச்சை. கறுப்பு வெள்ளையில் இரண்டும் ஒரே சாம்பல். ஆட்டம் ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் அத்தை என் டாங்கியைத் தன்னுடையது என்று நினைத்து ஓட்டப் பார்த்தார். நான் அவருடையதைச் சுட்டேன்.

"இன்னாடி இது, இதுல எது நீ, எது நானு?"

எனக்கே தெரியவில்லை. சூட்கேஸ் மறுபடி பரணுக்குப் போனது.

ரமணாசிரமத்துப் பக்கம் செங்கம் ரோட்டில் பழைய சாமான் கடை ஒன்று இருந்தது. அங்கே அறை எடுத்துத் தங்குகிற வெளிநாட்டுக்காரர்கள் ஊருக்குத் திரும்பும்போது, சுமக்க முடியாததையெல்லாம் அந்தக் கடையில் தள்ளிவிட்டுப் போவார்கள். கொசுவலை, சைக்கிள், கெட்டில், டேப் ரிக்கார்டர் எல்லாம் கிடக்கும். அங்கே ஒரு கையடக்க டிவிடி பிளேயரைப் பார்த்தேன். புத்தகம் மாதிரி திறந்தால் மூடிப் பக்கம் கலர் திரை, அடிப் பக்கம் தட்டு சுற்றுகிற இடம். தட்டு சுற்றவில்லை, அதனால் யாரும் வாங்கவில்லை. வெளியிலிருந்து படம் கொடுக்கிற ஓட்டை அதில் இருந்தது. மறுநாள் எங்கள் டிவி கேமைப் பையில் போட்டுக்கொண்டு போய், கடையிலேயே ஒயரைச் செருகிப் பார்த்தேன். படம் பளிச்சென்று வந்தது. மஞ்சள் மஞ்சளாக, பச்சை பச்சையாக.

"இன்னாமா, இங்கயே குந்திகினு ஆட ஆரம்பிச்சுட்ட?" என்றார் கடைக்காரர்.

தம்பி கொடுத்த பழைய டிவி கேமின் போர்டு பெரியது, அதற்குள் போகாது. அதை வெட்டவும் எனக்கு மனசு வரவில்லை. பஸ் ஸ்டாண்டு பக்கம் விற்கிற மலிவான டிவி கேம் ஒன்று வாங்கிப் பிரித்தேன். அதற்குள் போர்டு ஒரு பிஸ்கட் அளவுதான். நடுவில் தார் சொட்டியது மாதிரி ஒரு கறுப்புப் பொட்டு. முழு டிவி கேமும் அதற்குள் அடக்கம். டிவிடி பிளேயரின் தட்டு, மோட்டார், லென்ஸ் எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்துவிட்டு அந்த இடத்தில் இதை வைத்தேன். ஆட்டம் இருக்கும் கேசட்டைச் செருகுகிற வாய் உயரமாக நின்றது, மூடி மூடவில்லை. அதைக் கழற்றிவிட்டு, கேசட்டின் கூட்டை உடைத்து உள்ளே இருந்த போர்டை ஒயர் ஒயராக நேரடியாகச் சால்டரிங் செய்தேன். ஒரு ஒயர் மாறினாலும் திரையில் கோலம்தான் வரும். பல நாட்கள் கோலம்தான் வந்தது. படம் வந்தபோது கரண்டைக் குறைத்துக் கொடுக்கிற ரெகுலேட்டர் தோசைக்கல்லாகக் கொதித்தது. அதற்கு ஒரு அலுமினியத் துண்டு வைத்தேன். ரிமோட்டைப் பிரித்து அதன் பட்டன்களை அடிப் பக்கத்தின் மேலேயே பதித்தேன்.

கடைசியில் ஒரே ஒரு சாமான் இடித்தது. இரண்டாவது ரிமோட்டைச் செருகுகிற வாய். அது இருந்தால் பேட்டரி உட்காரவில்லை. சென்னையில் அத்தையோடு யார் விளையாடப் போகிறார்கள் என்று நினைத்து அதை வெட்டி எடுத்தேன். மூடி டக்கென்று மூடியது. எனக்கு அன்றைக்குத் தலைகால் புரியவில்லை. அத்தை கேட்கும்போதெல்லாம், "தேர் அன்னிக்குக் காட்டறேன்" என்று மறைத்து வைத்தேன்.

தேர் அன்றைக்கு எங்கள் வீதியில் கரண்ட் இருக்காது. பெரிய தேர் போவதற்காக மின்வாரிய ஆட்கள் காலையிலேயே வந்து குறுக்கே போகிற ஒயர்களை அவிழ்த்துவிடுவார்கள். மாடி வீடு என்பதால் எங்கிருந்தெல்லாமோ சொந்தக்காரர்கள் வந்து பால்கனியை நிறைத்துவிடுவார்கள். என் கணவரின் அண்ணனும் வந்திருந்தார். மறுநாள் காலையில் காரில் அத்தையைக் கூட்டிக்கொண்டு போவதாக ஏற்பாடு. அத்தையின் பெட்டி கட்டி, கதவோரம் வைத்திருந்தது.

மத்தியானம் பெரிய தேர் எங்கள் வீதிக்குள் திரும்பிவிட்டது என்றதும் எல்லோரும் பால்கனிக்கு ஓடினார்கள். ஆண்கள் வடம் பிடிக்க இறங்கிவிட்டார்கள். அத்தை உள்ளேயே இருந்தார். பெரிய தேருக்குப் பின்னால் வருகிற அம்மன் தேரைப் பெண்கள்தான் இழுப்பார்கள். அத்தை வருஷம் தவறாமல் போவார், நானும் கூடப் போவேன். அதுவரைக்கும் காலை நீட்டிக்கொள்ளலாம் என்று உள் அறையில் உட்கார்ந்திருந்தார். ஃபேன் ஓடவில்லை. வீதியின் இரைச்சல் சுவரில் அதிர்ந்தது. நான் பீரோவிலிருந்து அதை எடுத்து அவர் மடியில் வைத்தேன். மூடியைத் திறந்து சுவிட்சைப் போட்டேன். டாங்கி ஆட்டத்தின் இசை வந்தது.

அத்தை அதைக் கண்ணருகே தூக்கினார். மூடியைத் தடவிப் பார்த்தார். பட்டனை அழுத்தி விளையாடினார். முதல் கட்டத்தை ஜெயித்தார். பிறகு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உன்னோடத எங்க சொருவறது?"

"இது ஒருத்தர் ஆடறதுதான் அத்தை. இன்னொன்னுக்கு எடமில்ல."

"அப்ப நீ?"

"நான் எதுக்கு? நீங்க அங்க தனியா இருப்பீங்கனுதான செஞ்சேன்."

"நான் எங்கடி தனியா இருக்கப்போறேன்? கைல கொழந்த இருக்கும். சாயந்தரம் ஆனா புள்ளையும் மருமவளும் வந்துடுவாங்க. தனியா இருக்கப்போறது நீ." ஆட்டத்தை நிறுத்தாமலே மூடியை மூடி என் பக்கம் தள்ளினார். "நீ வச்சிக்க."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. எத்தனை நாள் வேலை, எத்தனை முறை கையைச் சுட்டுக்கொண்டேன். "உங்களுக்குப் புடிக்குமேனு செஞ்சா, வேணாம்னு தள்றீங்க" என்றேன்.

"கோவிச்சிக்காத. இந்தச் சுட்டுக்கறதெல்லாம் எனக்கு இன்னாத்துக்கு? இத ஆடனா நீ பேசற. டிவிய அணச்சா வாய மூடிக்கற. நீ பேசணும்னுதான்டி தெனம் வந்து குந்தனேன்."

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். இரண்டு வருஷமாக அத்தைக்கு நான்தான் பொழுதுபோக்குக் காட்டுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் இடுப்பு வலியோடு பாயில் உட்கார்ந்து, கண் எரிய எரிய டாங்கி ஓட்டியதெல்லாம் எனக்காக. அழுகை வந்தது, அழுதேன். அத்தை என்னை அடக்கவில்லை. விடிந்தால் அவர் போவது போவதுதான். என் கோபத்தாலும் அது நிற்காது, நான் செய்த அந்தச் சாமானாலும் நிற்காது.

வெளியே, "அரோகரா" என்று வீதியே கத்தியது. தேர் எங்கள் வீட்டைத் தாண்டிக்கொண்டிருந்தது போலிருக்கிறது. நாங்கள் எழுந்து போகவில்லை. பார்ப்பதற்குத் திரை இல்லை, பிடித்துக்கொள்ள ரிமோட் இல்லை. அத்தையின் முகத்தைப் பார்த்துப் பேச எனக்குப் பழக்கமே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

"அத்தை, அந்தக் கொழந்தைக்கு ஒரு பேர் வச்சிருந்தேன். யார்கிட்டயும் சொல்லல. அவர்கிட்டகூட சொல்லல."

அத்தை என் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தார். "இன்னா பேரு? சொல்லு" என்றார்.

சொன்னேன். அத்தை அந்தப் பேரை வாய்விட்டு, யாரையோ கூப்பிடுவது மாதிரி, ஒரு தடவை சொன்னார்.